கௌரி விரதமும் ஒரு கலைமானும்

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கச் சுவரில், ஒரு ஆணி இருக்கிறது. அதில் ஆறு கலண்டர் தொங்கியது. ஒன்றையும் வீசுவதில்லை. தமிழ்க் கடைக் கலண்டரில் சுவாமிப் படம் இருக்கும். சுவாமியைக் குப்பை வாளிக்குள் போட ஏலாது. வருஷம் முடிந்தாலும் சுவாமி தொங்குவார். புதுசு வந்தால் அதற்கு மேலே கொழுவுவோம்.

இந்த வருஷம் கடைக்காரர் சுவாமியை விட்டுவிட்டு, வெம்பிளியில் தான் திறந்த புதுக் கடையின் முகப்பைப் படமாகப் போட்டிருந்தார். மனைவி பார்த்தாள்.

"கடையைக் கும்பிடேலாது," என்றாள்.

புதுசைப் பின்னுக்குத் தள்ளினாள். போன வருஷத்து முருகனை முன்னுக்கு எடுத்தாள். எனக்குச் சொல்லவில்லை. நான் கவனிக்கவுமில்லை.

மாசி மாதம் நான் முருகனைப் புரட்டி ஒக்டோபரைப் பார்த்தேன். கேதாரகௌரி விரதம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு முந்தின கிழமையில் ஒரு நாளைப் பிடித்தேன். ஸ்கொட்லாந்துக்குப் போன் எடுத்து மான் வேட்டைக்கு நாள் வைத்தேன்.

பிழை நடந்தது அங்கேதான்.

நான் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் இறைச்சி வெட்டுகிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மனைவி கோலியர்ஸ் வுட்டில் உடுப்புத் திருத்துகிற கடையில் தைக்கிறாள். காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது. நாங்கள் வேட்டைக்குப் போகிறோம் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான்தான் சுடுகிறேன் என்று நினைப்பார்கள். சுடுவது அவள். நான் கூடப் போகிறவன்.

நாலு வருஷத்துக்கு முன் கடையில் ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது நெஞ்சு இறுகியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கம்பிக் குழாய் வைத்து விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, மனைவி என் உயிருக்காகக் கௌரி விரதம் தொடங்கினாள். இருபத்தொரு நாள். இறைச்சி, மீன், முட்டை இல்லை. ஒரு நேரச் சாப்பாடு. கடைசி நாள் கோயிலில் இருபத்தொரு இழை நூல் கையில் கட்டுவார்கள். அதைக் காப்பு என்போம். தொடங்கினால் வருஷா வருஷம் பிடிக்கவேண்டும். நடுவில் விட ஏலாது.

மற்றது, மகள் எங்களை இரண்டு நாள் காற்று மாற ஸ்கொட்லாந்து மலைக்கு அனுப்பினாள். அங்கே துவக்கு வெடி பழக்குகிற இடம் ஒன்று இருந்தது. இரும்பில் ஒரு மான் செய்து தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். சும்மா சுட்டுப் பாருங்கள் என்றார்கள். நான் மூன்று சுட்டேன். மூன்றும் ஸ்கொட்லாந்தில் எங்கேயோ விழுந்தது. அவள் மூன்று சுட்டாள். மூன்று வெடியும் பட்ட இடத்தை ஒரு கைக்குட்டையால் மூடலாம்.

அந்த மலையில் மான் பார்க்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். வேட்டைக்கு வருகிறவர்களை மலையில் கூட்டிப் போவது அவர்தான். துவக்கும் அவருடையது. நாங்கள் அவரை மலைக்காரர் என்போம். அவர் என்னைவிடக் குறையப் பேசுவார். அன்று ஒரு கேள்வி கேட்டார்.

"யார் பழக்கியது?"

"ஒருத்தரும் இல்லை," என்றாள். "முப்பது வருஷம் ஊசி கோத்திருக்கிறன்."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு கலைமான் வேண்டும் என்றாகிவிட்டது. கலைமான் என்றால் கொம்பு வைத்த ஆண். நகை கேட்காத மனுசி. வீடு பெரிசாக்கவும் கேட்கவில்லை. தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான்.

மூன்று வருஷம் போனோம். மூன்று வருஷமும் வெறுங்கை. முதல் வருஷம் மூடுபனி. இரண்டாம் வருஷம் கலைமான் நின்றது, ஆனால் பின்னால் ஒரு குட்டி நின்றது. சுடமாட்டேன் என்றுவிட்டாள். மூன்றாம் வருஷம் எல்லாம் சரியாக இருந்தது. நான் தும்மினேன்.

அதைப்பற்றி ஒரு வருஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் வீட்டில் தும்மினால் மட்டும் தையலை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

இந்த வருஷந்தான் கடைசி. வருகிற தை மாதம் அவளுக்கு முழங்காலில் ஒப்பரேசன். அதற்குப் பிறகு மலையில் முழங்காலில் ஊர ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

புரட்டாதி தொடங்க, ஒரு பின்னேரம் குசினியில் இருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. இஞ்ச வாங்கோ ஒருக்கா."

போனேன். கடைப் படம் போட்ட கலண்டரைப் பின்னால் இருந்து இழுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"எந்தக் கலண்டரைப் பாத்து நாள் வைச்சனீங்கள்?"

"முருகனை."

"முருகன் போன வருஷம்."

நான் முருகனுக்குக் கீழே போட்டிருந்த வருஷத்தை வாசித்தேன்.

"வேட்டை நாள் விரதத்துக்க விழுது. ஒன்பதாம் நாள்."

மலைக்காரருக்குப் போன் எடுத்தேன். வேறு நாள் இல்லை என்றார். வேட்டைக் காலம் முடியும்வரை எல்லா நாளும் ஆட்கள் பிடித்துவிட்டார்களாம். அவ்வளவுதான் பேச்சு.

அவள் கதிரையில் இருந்தாள். விரதத்தை விட்டால் என் நெஞ்சு. வேட்டையை விட்டால் அவளுடைய கலைமான். விரதத்தோடு ஒரு உயிரை எடுக்கவும் ஏலாது. நெடுநேரம் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, இந்தமுறை எனக்குக் கௌரி விரதம் பிடிக்கேலாமக் கிடக்கு. எனக்காக அவர் பிடிக்கலாமோ?"

"ஏன் பிள்ளை, சுகமில்லையோ?"

"சுகந்தான். மலைக்குப் போறம்."

"மலைக்கோ! நல்லது, நல்லது. பெரிய புண்ணியம். வீட்டில ஆர் பிடிச்சாலும் ஒண்டுதான். அவர் சுத்தமாப் பிடிக்கட்டும். அங்க எனக்காகவும் ஒருக்காக் கும்பிடுங்கோ."

"ஓம் ஐயா."

போனை வைத்தாள்.

"பொய் சொல்லிப்போட்டீர்," என்றேன்.

"எது பொய்? அது மலை இல்லையோ?"

பிறகு எனக்குச் சட்டம் சொன்னாள். இருபத்தொரு நாளும் நான் பிடிக்கவேண்டும். காலையில் பால் தேத்தண்ணி, பின்னேரம் ஒரு நேரம் சோறும் மரக்கறியும். நெஞ்சுக்குப் போடுகிற குளிசையைச் சோற்றோடு போடலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துவிட்டாள். நடுவில் ஒரு துண்டு இறைச்சி வாயில் போனால் அவள் துவக்கைத் தொடமாட்டாள்.

"நான் நாள் முழுக்க இறைச்சிக்க நிக்கிறவன்," என்றேன்.

"அது ஏற்கெனவே செத்தது. நீங்கள் வெட்டுறியள், கொல்லேல்ல. வெட்டலாம். தின்னேலாது."

"இதை ஐயர் சொன்னவரோ?"

"நான் சொல்லுறன்."

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் எல்லாம் மணத்தது. எங்கள் கடையில் காலை பத்து மணிக்கு மட்டன் ரோல் பொரிப்பார்கள். பதினைந்து வருஷம் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெட்டியிருக்கிறேன். அது இப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் ஒரு ரோல் தட்டில் இருந்து உருண்டு என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை. அதுவாக வந்தது. எடுத்தேன். சுட்டது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். எதிரில் ஒரு மனுசி கைப்பையோடு நின்றாள்.

"அண்ணை, விரதமெல்லோ?"

"மணம் பாத்தனான்."

"மணம் பாக்கிறதெண்டால் மூக்குக்கெல்லோ பிடிக்கவேணும்."

ரோலைத் திரும்ப வைத்தேன். கோலியர்ஸ் வுட்டில் இருந்து டூட்டிங் வரைக்கும் மனைவி எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு இறைச்சி வாங்க வருகிறவர்கள் என் வாயைத்தான் முதல் பார்த்தார்கள். முதலாளியும் பகிடி விட்டார்.

"அண்ணை, இப்ப நீர் வெட்டுற துண்டெல்லாம் பெரிசா விழுது. கண்ணால தின்னுறீரோ?"

அடுத்த துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உண்மையாகவும் இருக்கலாம்.

எட்டாம் நாள் விடிய வெளிக்கிட்டோம். காரில் பன்னிரண்டு மணித்தியால ஓட்டம். அவள் தனக்கு மீன் பணிஸ் செய்து கொண்டுவந்தாள். விரதம் எனக்குத்தானே. வழியில் அதைப் பிரித்துச் சாப்பிட்டாள். நான் ரோட்டைப் பார்த்துக் கார் ஓடினேன்.

"யன்னலைத் திறக்கட்டோ?" என்று கேட்டாள். "மணம் போகட்டும்."

"வேண்டாம்," என்றேன். "கிடக்கட்டும்."

மறுநாள் காலை மழைத் தூறல். முதலில் இரும்பு மானுக்கு மூன்று வெடி. அது மலைக்காரருடைய சட்டம். அதில் சரியாகச் சுடாதவரை அவர் மலைக்குக் கொண்டுபோவதில்லை. அவள் மூன்றையும் அடித்தாள். அவர் தலையாட்டினார். என்னிடம் துவக்கை நீட்டவே இல்லை. பழைய ஞாபகம்.

நடந்தோம். அவள் முழங்காலுக்கு இரண்டு மெத்தை தைத்துக் கட்டியிருந்தாள். பழைய சோபாவின் பஞ்சு, வெளியே மழை உடுப்புத் துணி. மலைக்காரர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். தனக்கும் ஒரு சோடி தைத்துத் தர ஏலுமா என்று கேட்டார். நாலு வருஷத்தில் அவர் எங்களிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

மத்தியானம் தாண்டி ஒரு சரிவில் மான்களைக் கண்டோம். பத்துப் பன்னிரண்டு பெண். நடுவில் ஒரு கலைமான். ஒக்டோபர் அவைக்குக் கலியாண மாதம். ஆண் மான்கள் மலைக்கு மலை நின்று கத்தும். சிங்கமும் மாடும் சேர்ந்து கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. இன்னொரு ஆண் கத்தினால் இது எழும்பிப் பதில் கத்தும்.

காற்று எங்கள் முகத்துக்கு வந்தது. நல்லது. ஒரு ஓடைக்குள் இறங்கி வயிற்றால் ஊர்ந்தோம். முன்னுக்கு மலைக்காரர், பிறகு அவள், கடைசியில் நான். அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒருக்கா அது நின்றது. முழங்கால் நொந்திருக்கும். திரும்பவும் போனது.

நூறு மீற்றர் தூரத்தில் ஒரு மேட்டுக்குப் பின்னால் படுத்தோம். கலைமானும் படுத்துவிட்டது. புல்லுக்கு மேல் கொம்பு மட்டும் தெரிந்தது. படுத்த மானைச் சுட ஏலாது. எழும்பும்வரை பார்த்திருக்கவேண்டும்.

பார்த்திருந்தோம். அரை மணி. ஒரு மணி. ஈரம் உள் உடுப்புக்கு வந்தது. ஒன்றரை மணி. மலைக்காரர் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் இறங்கினால் சுட விடமாட்டார். பிறகு தன் கையை வாயில் குவித்து, மான் மாதிரி மெல்லக் கத்திப் பார்த்தார். கொம்பு அசையவில்லை. இன்னொருக்கா கத்தினார். கொம்பு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அவள் துவக்கோடு அப்படியே கிடந்தாள். கண் துவக்கின் மேலிருந்த கண்ணாடிக் குழலில். அசையவில்லை. ஊசி கோக்கிறபோதும் அப்படித்தான் இருப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எனக்கு வயிற்றில் ஒன்று தொடங்கியது.

முந்தின நாள் பின்னேரம் சாப்பிட்டது. காலையில் தேத்தண்ணி. ஒன்பது நாள் அரை வயிறு. வயிற்றால் ஊர்ந்தது வேறு. உள்ளே இருந்த காற்று முழுக்க ஒரு இடத்தில் சேர்ந்து மேலே வந்தது. ஏப்பம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சொல்லில் ஏவறை.

காலையில் அவள் என் பொக்கற்றுக்குள் கைக்குட்டை வைத்து ஒன்று சொல்லியிருந்தாள். "தும்மல் வந்தால் மூக்கைப் பிடியுங்கோ. மூச்சு வராட்டிலும் பரவாயில்லை."

மூக்கைப் பிடித்தேன். அது மூக்கால் வருகிற சாமான் இல்லை.

வாயைப் பொத்தினேன். விழுங்கினேன். ஒருக்கா இறங்கியது. திரும்ப வந்தபோது இரட்டிப்பாக வந்தது. முகத்தைப் புல்லுக்குள் புதைத்தேன். முருகா என்று நினைத்தேன். பிறகு முருகன் போன வருஷம் என்று ஞாபகம் வந்தது.

விட்டேன்.

அது சின்னதாக வரவில்லை. அடியில் தொடங்கி, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்து, மேலே போய், நீளமாக இழுத்து முடிந்தது. எதிர் மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது.

மலைக்காரர் கண்ணை மூடினார். மனைவி திரும்பவில்லை. ஆனால் அவளுடைய காதின் பின்பக்கத்தைப் பார்க்கவே எனக்கு விளங்கியது. தும்மலோடு இதையும் சேர்த்து இனிச் சாகும்வரை பார்ப்பாள்.

கொம்பு திரும்பியது.

பின்னங்கால் முதலில் எழும்பியது. பிறகு முழுசாக எழும்பி நின்றது. எங்கள் ஊர் மரைமான் அளவு பெரிசு. எங்களுக்கு விலாவைக் காட்டி நின்று, கழுத்தை நீட்டி, எனக்குப் பதில் கத்தியது. கோபமாகத்தான் கத்தியது.

வெடி போனது.

நாலு அடி ஓடி விழுந்தது. பிறகு அசையவில்லை.

மலைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக வாயால் அந்தச் சத்தம் பழகுகிறாராம். ஒரு நாளும் இப்படி வரவில்லையாம். இன்னொருக்கா செய்து காட்ட ஏலுமா என்று கேட்டார்.

மனைவி எனக்காக இங்கிலிஷில் பதில் சொன்னாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஏலாது எண்டனான். அதுக்கு ஒன்பது நாள் விரதம் இருக்கவேணும் எண்டு சொன்னனான்."

அவர் அதை உண்மையாகவே யோசித்தார்.

மானுக்குக் கிட்டப் போனோம். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தாள். கொஞ்சநேரம் எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணைத் துடைத்தாள். மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

"போன வருஷத்துத் தும்மலுக்கு இது சரி," என்றாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் முதல் மான் சுட்டவருக்கு அந்த மானின் இரத்தத்தை முகத்தில் பூசுவார்கள். மலைக்காரர் விரலில் தொட்டு, கேட்டுவிட்டு, அவளுடைய நெற்றியில் வைத்தார். சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில். இரவுவரை கழுவக்கூடாதாம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நடுவில கிடக்கோ?"

"ஓம்."

வயிறு வெட்டுகிற வேலையை என்னிடம் தந்தார்கள். அது மட்டும் எனக்குத் தெரியும். மலைக்காரர் குடலைக் கழுகுக்கு விட்டுவிட்டுப் போவது வழக்கமாம். நான் ஈரலையும் இருதயத்தையும் எடுத்தேன். பிறகு குடலையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குக் கழுவப் போனேன். அவர் கொஞ்சத்தூரம் பின்னால் வந்து பார்த்தார். பிறகு கழுகு இல்லாத வானத்தைப் பார்த்தார்.

கீழே வந்ததும் அவர் ஒரு கருப்புச் சட்டியில் பட்டர் போட்டு ஈரல் பொரித்தார். முதல் மானின் ஈரல் எல்லாரும் சாப்பிடவேண்டும். அதுவும் வழக்கம். எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். பத்து மணி மட்டன் ரோலை விட ஆளை இழுக்கிற மணம். கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவர் திரும்பவும் நீட்டினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்டு முடிந்துவிட்டது. இனி நான் தின்றாலும் மான் எழும்பி ஓடாது. அதையும் நான் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவள் அந்த முழங்காலோடு ஓடைக்குள் ஊர்ந்ததைப் பின்னால் இருந்து பார்த்தவன் நான்.

என் டப்பாவைத் திறந்தேன். ஆறின சோறு, பருப்பு, கத்தரிக்காய்.

அவள் என் பங்கையும் சாப்பிட்டாள்.

"எப்பிடி?" என்றேன்.

"உப்புக் கொஞ்சம் காணாது."

பிறகு மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

மிச்சம் பன்னிரண்டு நாளும் பிடித்தேன். இறைச்சி எங்கள் பிரீசரில் கிடந்தது. நான் போகும்போதும் வரும்போதும் பிரீசர் உறுமியது.

கடைசி நாள் கோயில். காப்புக் கட்ட வரிசை வெளிக் கதவுவரை. முழுக்கப் பெண்கள், இடையில் ஐந்தாறு ஆண்கள். எங்கள் முறை வந்தது. ஐயர் நூலை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"மலைத் தரிசனம் எப்பிடி?"

நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் வாயைத் திறக்க முதல் அவள் சொல்லிவிட்டாள்.

"ஐயா, நாங்கள் போனது கோயிலுக்கில்லை. மான் சுட. சுட்டது நான்."

நூல் நடுவில் நின்றது. பின்னால் நின்ற பெண்களின் பேச்சும் நின்றது. இருபத்தொரு நாளும் அந்த நூலில் இருந்தது. ஐயர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சாப்பிட்டியளோ?"

"இல்லை."

"ஒரு துண்டும்?"

"இல்லை."

"உங்களுக்கு என்ன வேலை?"

"இறைச்சிக் கடை."

அவர் நூலின் இழைகளை எண்ணத் தொடங்கினார். பின்னால் இருந்து கைப்பைக்காரி குரல் கொடுத்தாள்.

"நான் சாட்சி ஐயா. மணம் மட்டுந்தான் பாத்தவர்."

ஐயர் என் வலக் கையைப் பிடித்து நூலைக் கட்டினார். மற்றவர்களைவிட இறுக்கித்தான் கட்டினார். கட்டி முடித்துவிட்டு அவளிடம் சொன்னார்.

"பிள்ளை, அடுத்த முறை கலண்டரைப் பாத்துப் போங்கோ."

வீட்டுக்கு வந்ததும் நான் ஆணியில் இருந்த ஆறு கலண்டரையும் கழற்றினேன். வீச ஏலாது. கராஜில் கலைமான் கொம்பு கிடந்தது. எட்டு முனை. மலைக்காரர் கழுவித் தந்தது. அதைக் கராஜ் சுவரிலேயே அடித்து, முனைக்கு ஒன்றாக ஆறையும் கொழுவினேன். குசினி ஆணியை வருகிற வருஷத்துக் கலண்டருக்கு மட்டும் என்று விட்டேன்.

அவள் வந்து பார்த்தாள்.

"செத்த மான்ர கொம்பில சுவாமியைக் கொழுவுறதோ?"

"சிவன்ர கையிலயே மான் நிக்குது," என்றேன்.

அவள் முருகனை நேராக்கினாள். கடைப் படத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போய்க் குப்பை வாளிக்குள் போட்டாள்.

அடுத்த நாள் மான் இறைச்சி காய்ச்சினோம். உப்புச் சரியாக இருந்தது.